மேலாண்மைக் குழுத் தலைவரா நிக்கச் சொல்றாங்க, நிக்கலாமா?

செய்யாறு_தையல் | 06.08.2024 இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டுல பிளவுஸ் தைக்கிறவ. பொண்ணு நாலாவது, பையன் ஒண்ணாவது. ரெண்டு பேரும் எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலதான் படிக்கிறாங்க. மொத்தம் 64 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். அதுல ஒருத்தங்க ஹெச்.எம்.

இந்த மாசம் பள்ளி மேலாண்மைக் குழுவை, அதான் பெத்தவங்க சேர்ந்து பள்ளிக்கூடம் நடக்குறதைக் கவனிக்கிற குழுவை, புதுசா அமைக்கப் போறாங்களாம். நேத்து ஹெச்.எம். மேடம் வீட்டுக்கே வந்துட்டாங்க. "நீதாம்மா தலைவரா நிக்கணும். பத்தாவது படிச்சிருக்க. மாசம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனா போதும்"னாங்க.

அந்த "போட்டுட்டுப் போனா போதும்"லதான் எனக்கு உதறுது. வீட்டுக்காரர், "பேங்க் கணக்குல உன் பேர் இருக்கும், நாளைக்கு ஆடிட்டுல கேட்டா யார் பதில் சொல்றது"ன்றார். மாமியார், "ஊர்ல பெரியவங்க இருக்கும்போது உனக்கு எதுக்கு இந்த வேல"ன்றாங்க. இருந்தவங்க யாராவது சொல்லுங்க, நிக்கலாமா வேணாமா?

மணப்பாறை_முறுக்கு | 06.08.2024 இரவு 10.15

நில்லுங்க அக்கா. நான் 2022ல இருந்து தலைவரா இருக்கேன், இந்த மாசத்தோட முடியுது. அப்போ 20 பேர் கொண்ட குழு, அதுல 15 பேர் பெத்தவங்க. இந்தத் தடவை 24 பேராம், முன்னாள் மாணவர்களையும் சேர்க்கிறாங்க. தலைவர் அங்க படிக்கிற பிள்ளையோட அம்மாவா இருக்கணும். ரெண்டு வருசம். சம்பளம் கிடையாது, பஸ் காசு கிடையாது, கூட்டத்துல குடுக்குற டீ மட்டும் உண்டு.

உங்க வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி. கணக்கு ஹெச்.எம்., தலைவர் ரெண்டு பேர் பேர்லயும்தான் இருக்கும். ஆனா இப்பெல்லாம் பணம் நேரா உங்க கைக்கு வராது. கடைக்காரர் கணக்குக்குத்தான் போகும், அதுக்கான தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அந்தத் தாளோட பில்லும் இருக்கான்னு பாருங்க. பில்லுல இருக்கிற சாமான் ஸ்கூல்ல இருக்கான்னு நடந்து போய்ப் பாருங்க. இது ரெண்டையும் செஞ்சா ஆடிட் யார் வந்தாலும் பயமில்ல.

முதல் ஆறு மாசம் நான் எதையும் படிக்காம போட்டேன். தீர்மானப் புத்தகத்துல மேல நாலு வரி எழுதியிருக்கும், கீழ ஒரு பக்கம் காலியா கிடக்கும், அதுக்கும் கீழ என் கையெழுத்து. அடுத்த மாசம் போய்ப் பாத்தா காலிப் பக்கம் நெறஞ்சிருக்கும். தப்பா ஒண்ணும் எழுதல. விளக்குமாறு, பினாயில், சாக்பீஸ்னுதான் இருந்துச்சு. ஆனா நான் போட்ட கையெழுத்துக்கு மேல நான் பாக்காத வரிங்க எப்படி வந்துச்சு?

ஒன்றியத்தான் | 06.08.2024 இரவு 11.02

ஏன் சும்மா ஆசை காட்டுறீங்க? எல்லா ஊர்லயும் பட்டியல் முன்னாடியே ரெடி. யாரோட ஆள் தலைவர்னு டீக்கடையில முடிவாகும், அப்புறம் பள்ளிக்கூடத்துல கை தூக்குவாங்க. இவங்க பத்தாவது படிச்சவங்கன்னு தேடி வந்ததுக்கு அர்த்தம், இவங்க கேள்வி கேக்க மாட்டாங்கன்றதுதான்.

செய்யாறு_தையல் | 07.08.2024 காலை 6.10

ஒன்றியத்தான் அண்ணே, அதையேதான் நானும் யோசிச்சேன். ராத்திரி தூக்கமே வரல.

ஓய்வு_ஹெச்எம் | 07.08.2024 காலை 7.30

அம்மா, நான் முப்பத்தோரு ஆண்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் கடைசி பன்னிரண்டு ஆண்டு தலைமையாசிரியர். உங்கள் தலைமையாசிரியரைச் சந்தேகப்படும் முன் அவருடைய காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். காலை உணவு சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பாடம் நடத்த வேண்டும், வட்டார வள மையத்திலிருந்து யாராவது வந்தால் அவரோடு நிற்க வேண்டும். நடுவில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். "கையெழுத்துப் போட்டால் போதும்" என்பது பல நேரம் சூழ்ச்சியில்லை, களைப்பு. நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு செய்தியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 64 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் என்றால் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை என்றால் 3. உங்கள் பள்ளி 60 என்ற எல்லையைத் தாண்டி நான்கு பிள்ளைகள் கூடுதலாக நிற்கிறது. பணியாளர் நிர்ணயத்துக்கு, அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வதற்கு, ஆகஸ்ட் 1 எண்ணிக்கையைத்தான் எடுப்பார்கள். போன வாரமே அந்த நாள் போய்விட்டது. அன்றைக்கு 64 பதிவாகியிருந்தால் உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. தலைவர் என்ற பெயரில் அதை எழுதிக் கேட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவேட்டில் ஏறும். தாய் என்ற பெயரில் வாய்வழியாகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள்.

கணக்குப்பிள்ளை_காரைக்குடி | 07.08.2024 காலை 9.05

குழுவுக்கு உண்மையில் என்ன அதிகாரம் என்று தெரிந்துகொண்டு நிற்பது நல்லது. சட்டப் பிரிவு 21 சொல்வது இவ்வளவுதான்: பள்ளி நடப்பதைக் கண்காணிக்கலாம், மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கலாம், மானியம் செலவாவதைக் கண்காணிக்கலாம். ஆசிரியரை மாற்ற முடியாது. கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு, தண்ணீர் ஊராட்சியின் பொறுப்பு, ஆசிரியர் கல்வித் துறையின் பொறுப்பு. தலைவர் கையில் இருப்பது பேனா மட்டும்தான்.

ஆனால் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்று அதே பிரிவுதான் சொல்கிறது. 24 பேரில் 18. அத்தனை பேரும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டால் ஹெச்.எம்.மும் தடுக்க முடியாது, டீக்கடையும் தடுக்க முடியாது.

மானியத்தைப் பொறுத்தவரை, 64 பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அடுக்கில் வருவீர்கள். அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு. ஊழல் பண்ணிக் கோட்டை கட்டும் தொகை இல்லை. பயப்படாதீர்கள்.

மணப்பாறை_முறுக்கு | 07.08.2024 காலை 9.40

கணக்குப்பிள்ளை சார், தொகை சின்னதுதான், ஆனா அழுத்தம் சின்னதில்ல. 2022 ஜூலையில தமிழ்நாடு முழுக்க 13,331 தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழு வழியா எடுக்கலாம்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. எங்க நடுநிலைப் பள்ளிக்கு ஒரு இடம்தான். அந்த ஒரு இடத்துக்கு எனக்கு எத்தன போன்! சொந்தக்காரங்க, கட்சிக்காரங்க, என் தம்பி கூடப் படிச்சவன் வரைக்கும். அப்புறம் விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு, தகுதித் தேர்வு முடிச்சவங்களுக்கு முன்னுரிமைன்னு ஆச்சு, சம்பளத்தையும் கூட்டினாங்க. எனக்கு அதுல ஒரே நிம்மதி, "ரூல்ஸ் இப்படி"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்.

காலனிவீடு | 07.08.2024 பகல் 1.20

நானும் தலைவர்தான். அதாவது பேர்ல. என்னைத் தேர்ந்தெடுத்தப்ப எங்க தெருவுல பட்டாசு வெடிச்சாங்க. முதல் கூட்டத்துக்குப் போனேன். ஆபீஸ் ரூம்ல நாலு நாற்காலி. ஒண்ணுல ஹெச்.எம்., ஒண்ணுல வார்டு மெம்பர், ஒண்ணுல பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், இன்னொண்ணுல அவர் கூட வந்தவர். நான் பிள்ளைங்க பெஞ்சு ஓரத்துல உக்காந்தேன். யாரும் "உக்காராத"ன்னு சொல்லல. யாரும் எந்திரிக்கவும் இல்ல.

மூணு மாசம் அப்படியே போச்சு. நாலாவது மாசம் எங்க தெரு அம்மாக்கள் ஆறு பேரும் சேர்ந்து, கூட்டத்தை ஆபீஸ் ரூம்ல வேணாம், வகுப்பறையிலயே வைங்கன்னு கேட்டோம். காரணம் எல்லாம் சொல்லல. "எல்லாரும் உக்கார இடம் பத்தலங்க"ன்னுதான் கேட்டோம். அப்போலேர்ந்து எல்லாருக்கும் பெஞ்சு. வார்டு மெம்பருக்கு முட்டி இடிக்கும், பாவம்.

அக்கா, நீங்க எந்தத் தெருன்னு நான் கேக்கல. ஆனா கூட்டம் எந்த நேரத்துக்குன்னு மட்டும் பாருங்க. வெள்ளிக்கிழமை மூணு மணின்னா நூறு நாள் வேலைக்குப் போறவங்க ஓடி வந்தாத்தான் முடியும். அவங்க வராத கூட்டத்துல "ஏகமனதாக"ன்னு எழுதுவாங்க.

ஓய்வு_ஹெச்எம் | 07.08.2024 மாலை 4.00

காலனிவீடு அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் அறையிலும் நாலு நாற்காலிதான் இருந்தது.

எடிசன்_தமிழன் | 07.08.2024 இரவு 8.15

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே பள்ளி வாரியத்துக்கு ஊரே ஓட்டுப் போடும். பிள்ளை படிக்காதவரும் நிற்கலாம், பதவிக்காலம் மூன்று ஆண்டு, சம்பளம் இங்கேயும் இல்லை. ஆனால் வாரியம்தான் பட்ஜெட்டை நிறைவேற்றும், பள்ளிகளை நடத்தும் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை வேலைக்கு எடுக்கும். நம்மூரில் அப்படி வந்தால்தான் உருப்படும்.

ஒன்றியத்தான் | 07.08.2024 இரவு 8.31

ஊரே ஓட்டுப் போட்டா எங்க ஊர்ல தலைவர் யார்னு சொல்லட்டுமா? பிள்ளைங்களை மெட்ரிக் ஸ்கூலுக்கு வேன்ல அனுப்புற ரைஸ்மில் ஓனர். படிக்கிற பிள்ளையோட அம்மாதான் வரணும்னு வச்சது ஒண்ணுதான் இதுல உருப்படியான விஷயம். அதை நானே ஒத்துக்கிறேன்.

சாந்தோம்_அப்பா | 07.08.2024 இரவு 9.50

இடையில் ஒரு சந்தேகம். என் மகன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. அங்கேயும் இதே குழுவா?

கணக்குப்பிள்ளை_காரைக்குடி | 07.08.2024 இரவு 10.04

குழு உண்டு, ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு உதவி பெறும் பள்ளிகளில் அது ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டும்தான். நிர்வாகம் கேட்டுக்கொள்ளும், செய்ய வேண்டிய கட்டாயமில்லை. இன்னொரு விஷயமும் இங்கே பலர் குழப்பிக்கொள்வது: பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, மேலாண்மைக் குழு வேறு. காலனிவீடு சொன்ன நாற்காலிச் சண்டைக்குப் பாதிக் காரணம் அந்தக் குழப்பம்தான்.

செய்யாறு_தையல் | 18.08.2024 இரவு 8.45

நின்னுட்டேன். ஜெயிச்சுட்டேன்.

41 அம்மா அப்பாக்கள் வந்திருந்தாங்க. முதல்ல கை தூக்கச் சொன்னாங்க. பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்களும் நின்னாங்க, அவங்க எனக்கு நாத்தனார் முறை. யாருக்குக் கை தூக்குறதுன்னு எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்ப முன்னாள் மாணவர்னு வந்திருந்த ஒரு பையன் எந்திரிச்சு, "சீட்டு எழுதிப் போடலாமே"ன்னான். ஒரு மாதிரி முணுமுணுப்பு. அப்புறம் நோட்டுப் பேப்பரைக் கிழிச்சுச் சீட்டு போட்டோம், சத்துணவு ஆயாவோட எவர்சில்வர் டப்பாதான் பெட்டி. எழுதத் தெரியாதவங்களுக்கு ஒரு கோடு, ரெண்டு கோடுன்னு அடையாளம். எனக்கு 24, நாத்தனாருக்கு 16, ஒரு சீட்டுல "நல்லா இருங்க"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு.

காது கேக்காத பையனோட அம்மாவைத் துணைத் தலைவரா எடுத்தோம். நாத்தனார் என்கூட இன்னும் பேசல.

மணப்பாறை_முறுக்கு | 18.08.2024 இரவு 9.00

"நல்லா இருங்க" ஓட்டு யாருதுன்னு எனக்குத் தெரியும். உங்க மாமியார்.

செய்யாறு_தையல் | 18.08.2024 இரவு 9.12

அவங்க வரவே இல்ல. வீட்டுல பையனைப் பாத்துக்கிட்டாங்க. அதுவும் ஒரு ஓட்டுதானே.

செய்யாறு_தையல் | 28.09.2024 காலை 6.30

கூட்டம் நடந்துச்சு. சொன்னபடியே தீர்மானப் புத்தகம் நீட்டினாங்க, அரைப் பக்கம் காலி. கை நடுங்கிச்சு. "மேடம், இந்த எடத்துல ஒரு கோடு போட்டுட்டுக் கையெழுத்துப் போடட்டுமா"ன்னு கேட்டேன். அவங்க ஒரு நிமிசம் என்னையே பாத்தாங்க. அப்புறம் ஸ்கேலை எடுத்து அவங்களே குறுக்க கோடு போட்டாங்க. "இதை முன்னாடியே யாராவது கேட்டிருக்கலாம்மா, எனக்கும்தான் பயம்"னாங்க. ஓய்வு ஹெச்.எம். ஐயா, நீங்க சொன்னது சரிதான்.

மூணு தீர்மானம். 1) மூணாவது டீச்சர் வேணும், ஆகஸ்ட் 1 எண்ணிக்கை 64. 2) கழிப்பறைக்குத் தண்ணி. டேங்க் இருக்கு, குழாய் இருக்கு, நடுவுல முப்பது அடிக்குப் பைப் இல்ல. பிள்ளைங்க பக்கெட்டுல தூக்கிட்டுப் போறாங்க. 3) அடுத்த கூட்டத்துல இருந்து 4 மணிக்கு ஆரம்பிக்கணும். மூணாவதை எழுதும்போது காலனிவீடு அக்காவைத்தான் நெனச்சேன்.

கணக்குப்பிள்ளை_காரைக்குடி | 28.09.2024 காலை 8.20

நன்று. இப்போது முதல் இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஆசிரியர் கேட்கும் மனு வட்டாரக் கல்வி அலுவலருக்கு, தண்ணீர் மனு ஊராட்சிக்கு. ஒரே தாளில் இரண்டையும் எழுதினால் இரண்டு அலுவலகமும் "இது எங்களுடையது இல்லை" என்று சொல்லிவிடும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். செயலியில் ஏற்றியாகிவிட்டது என்று சொன்னாலும் தாள் வேண்டும்.

ஒன்றியத்தான் | 28.09.2024 காலை 10.00

அக்டோபர் 2 கிராம சபை வருது. தண்ணி விஷயத்தை அங்க படிச்சு, சபைத் தீர்மானத்துலயும் ஏத்துங்க. ஊராட்சித் தலைவருங்க பதவி வர்ற ஜனவரி 5ஓட முடியுது. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த 27 மாவட்டம், அதுல உங்க மாவட்டமும் ஒண்ணு. போகும்போது பேர் வாங்கிட்டுப் போகணும்னு இப்பத்தான் தோணும். ஜனவரி தாண்டினா யார்கிட்ட போய்க் கேப்பீங்க?

செய்யாறு_தையல் | 03.10.2024 இரவு 9.20

நேத்து கிராம சபையில படிச்சேன். பொம்பளைங்க பக்கத்துல இருந்து மைக் கேட்டு வாங்குறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. ரெண்டு பேர் ரோடு பத்திச் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. "முப்பது அடி பைப்பு, தலைவரே"ன்னு மட்டும் சத்தமா சொன்னேன். படிக்க வச்சிருந்த பேப்பர் கையில கசங்கிப் போச்சு. ஆனா எழுதிக்கிட்டாங்க. நாத்தனார்தான் பின்னாடி இருந்து "பிள்ளைங்க பக்கெட்டு தூக்குது, எழுதுங்க"ன்னு கத்தினது. வீட்டுக்கு வர்ற வழியில பேசினாங்க.

ஓய்வு_ஹெச்எம் | 03.10.2024 இரவு 9.55

மைக்கைக் கையில் வாங்கினீர்களே, அது போதும். பேப்பரைக் கசக்காமல் படித்தவர் யாருமில்லை, அம்மா.

காலனிவீடு | 09.02.2025 மாலை 5.10

தையல் அக்கா, என்ன ஆச்சு? பைப் வந்துச்சா?

செய்யாறு_தையல் | 09.02.2025 இரவு 10.30

மன்னிச்சுக்கோங்க, பொங்கல் தையல்ல மூழ்கிட்டேன்.

பைப் டிசம்பர் மாசம் வந்துச்சு. ஒன்றியத்தான் அண்ணன் சொன்ன மாதிரி, தலைவர் பதவி முடியிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆளைக் கூட்டிட்டு வந்து அவரே நின்னு போட்டார். போட்டோவும் எடுத்துக்கிட்டார், எடுத்துக்கட்டும். முப்பது அடி இல்ல, அளந்தப்ப முப்பத்தாறு அடி.

மானியப் பணம் இந்த வருசம் இன்னும் வரல. பி.எம். ஸ்ரீன்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தோட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலன்னு, பள்ளிக்கூடங்களுக்கு மத்திய அரசு குடுக்குற சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடியை நிறுத்தி வச்சிருக்குன்னு மேடம் சொன்னாங்க. அங்கயும் கையெழுத்துப் பிரச்சினைதானான்னு கேட்டேன், சிரிச்சாங்க. சாக்பீஸ், துடைப்பம் எல்லாம் அவங்க கைக்காசுல ஓடுது. அதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதி வச்சிருக்கோம், எவ்வளவுன்னு. "வேணாம்மா"ன்னாங்க. நான்தான் எழுதச் சொன்னேன்.

டீச்சருக்கு மனு மூணு தடவை குடுத்தாச்சு, மூணு முத்திரை இருக்கு. நிரந்தரமா யாரும் வரல. போன மாசத்துல இருந்து பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சரை மாற்றுப்பணியில வாரத்துக்கு மூணு நாள் அனுப்புறாங்க.

மணப்பாறை_முறுக்கு | 09.02.2025 இரவு 10.48

எந்த மூணு நாள்?

செய்யாறு_தையல் | 09.02.2025 இரவு 10.52

திங்க, புதன், வியாழன். கூட்டம் வெள்ளிக்கிழமை, அன்னிக்கு ஆள் இருக்காது. அந்தப் பள்ளியிலயும் ஒரு டீச்சர் கம்மிதானாம். அங்க தலைவரா இருக்கிற அக்கா நம்பர் வாங்கியிருக்கேன், நாளைக்குப் பேசணும்.